பூஜ்ஜியம் நம்பர் ஃபைல்

மூளைப் பரிசோதனை மையத்தின் பிரிண்டர் துப்பிய பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். வருடக்கணக்காக வந்து போகிற நோயாளிகள் எட்டுப் பேர்தான். தொப்பிக்காரி விரல் வைத்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். மேலே இருந்த எட்டும் அவளுக்குத் தெரிந்த தலைகள்: ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், காது மந்தமான தையல்காரர், ஒவ்வொரு முறையும் தன் செருப்பை இவள் திருடிவிட்டாள் என்று சண்டை போடும் பள்ளி ஆசிரியை, இப்படி. ஒன்பதாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சோதனை’ என்றும், எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் என்றும், வயது நாற்பத்தேழு என்றும் இருந்தது. கடைசிக் கட்டத்தில் சிவப்பு எழுத்து. நினைவாற்றல் சரிவு, ஆரம்ப நிலை, ஏழு மாதமாக.

பூஜ்ஜியம் நம்பரில் நோயாளி என்று யாரும் கிடையாது. இல்லாத ஆளுக்கு எங்கேயிருந்து மறதி வரும்?

தொப்பிக்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் நாக்கு நீண்ட பெண் வைத்தது. வைத்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது. பதினொரு வருடமாகப் பிறர் தலையில் தொப்பி மாட்டுவதே அவள் பிழைப்பு. மூளையின் மின் அலைகளைப் பிடிப்பதற்காக முப்பத்திரண்டு உலோகப் பொட்டுகள் தைத்த நீலத் துணித் தொப்பி அது. ஒவ்வொரு பொட்டின் அடியிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் குளிர்ந்த ஜெல்லைப் பிதுக்கி, முடியை விலக்கி, தோலில் படும்படி அமுக்க வேண்டும். பிறகு அந்த ஆளைச் சன்னலே இல்லாத உள்ளறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கனத்த கறுப்புத் திரையை இழுத்து விட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் சொல்ல வேண்டும்: கண்ணை மூடிக்கிங்க, தாடையைத் தளர்த்திக்கிங்க, மாறுதலா ஒரு சத்தம் வந்தா மட்டும் மனசுக்குள்ள எண்ணுங்க. உள்ளே ஒலிபெருக்கியில் டொக், டொக், டொக் என்று ஒரே சத்தம் போய்க்கொண்டிருக்கும். எப்போதாவது நடுவில் ஒரு டிங். அந்த டிங்கைக் கேட்டதும் நல்ல மூளை திரையில் ஒரு சின்ன மேட்டை எழுப்பும். தேய்கிற மூளையில் மேடு தாழ்ந்து போகும், தாமதமாகவும் வரும். ஆள் மறக்க ஆரம்பிப்பதற்கு முன்பே மேடு மறக்க ஆரம்பித்துவிடும் என்பார் பெரிய டாக்டர்.

சின்ன டாக்டர் என்று ஒருவர் இல்லாத இடத்திலும் அவர் பெரிய டாக்டர்தான். போன வாரம் அவர் ஒரு புதிய புரோகிராம் வாங்கிப் போட்டிருந்தார். ஒரே ஆளின் பல வருட அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வீட்டிலிருப்பவர்கள் கவனிப்பதற்கு முன்பே யார் தலை சரிகிறது என்று அது சொல்லிவிடும். ‘வீடு எரியறதுக்கு முன்னாடியே புகையைப் பாத்துடலாம்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். முதல் பட்டியலைக் கையில் வாங்கியதும் நேராக ஒன்பதாவது வரிக்குத்தான் போனார்.

“யாரு இது?”

“மெஷின் கோளாறா இருக்கும் சார்.”

“மெஷினுக்குக் கோளாறு வராது. மனுஷங்களுக்குத்தான் வரும்.” அவர் காகிதத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தார். சவரம் செய்தபின் பூசிக்கொள்ளும் திரவத்தின் நெடி அவளை ஓர் அடி பின்னால் தள்ளியது. “பதினோரு வருஷ ரெக்கார்டு. வேலை நாள் ஒண்ணுகூடத் தவறாம. இப்படி ஒரு தலை யார்கிட்டயும் இருக்காது. யாருன்னு நாளைக்குக் காலையில எனக்குத் தெரியணும். இல்லைன்னா உன் சீட்டுல வேற யாராவது உக்காருவாங்க.”

ஆள் என்று சொல்லவில்லை, தலை என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தாள். யாரென்று அவளுக்குத் தெரியும்.

தினமும் காலை எட்டு இருபதுக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன், தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பாள். எல்லாப் பொட்டும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை. பூஜ்ஜியம் நம்பரில் ஓட்ட வேண்டும், முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிப்பதற்கு டாக்டரின் கடவுச்சொல் தேவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேட்டபோது ‘இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவ’ என்று எரிந்து விழுந்தார். அதன்பின் அவள் கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை. வயதைக் கொடுக்காமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது என்பதால் ஒவ்வொரு முறையும் தன் வயதையே கொடுத்து வந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் சொந்தத் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் பதினொரு வருடமாக.

அவளுக்குப் பயம் வந்ததற்குக் காரணம் வேலை போய்விடுமே என்பது மட்டும் இல்லை. அவளுடைய அண்ணன் நிலம் அளக்கிறவராக இருந்தார். ஊரில் யார் வேலி எங்கே நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிற மனிதர். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவைத் திறந்த தன் மனைவியிடமே ‘இந்த வீட்டுக்காரங்க எங்க போயிருக்காங்க’ என்று விசாரித்தார். அண்ணி சரிந்து உட்கார்ந்துவிட, மூன்று வருடம் தொப்பிக்காரிதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். கடைசிக் காலத்தில், சோறு ஊட்டிய அவள் கையை அவர் கடித்து வைத்தார். ‘யாருடி நீ’ என்று கேட்டுக்கொண்டே கடித்தார். அன்று ராத்திரி அவள் குளியலறையில் நின்று கையைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். எனக்கும் இது வரும் என்றால் வரட்டும், வீடு மறக்கட்டும், வழி மறக்கட்டும், புருஷன் மறக்கட்டும். மகள் முகம் மட்டும் போகக் கூடாது.

ஒரே மகள். மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், சிரித்தால் தெரிகிற ஒரு கோணல் பல். அந்தப் பல்லை நேராக்கிக்கொள்ளச் சொன்னால், ‘உனக்கு என்னம்மா, நீயா கடிக்கப் போற’ என்பாள்.

அன்றைக்கு வந்த நோயாளிகளின் தலைகளை அவள் தன்பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது, மனம் சட்டைப்பைக்குள் இருந்தது. காது மந்தமான தையல்காரர், ஜெல் கழுத்துக்குள் இறங்கிவிட்டது என்று கத்தினார். கூட வந்த மருமகள், “ஒழுங்கா உக்காருங்க, மானம் போகுது” என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள். ஏ.சி. எங்கோ ஒரு திருகாணி கழன்ற மாதிரி விட்டுவிட்டு இரைந்தது. டொக், டொக், டொக். நான்கரைக்குக் கடைசி ஆள் போனதும் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பூஜ்ஜியத்தைத் திறந்தாள்.

வரிசை வரிசையாகத் தேதிகள். பழைய வருடங்களில் நாளுக்கு ஒரு பதிவு. எட்டு இருபது, எட்டு இருபது, எட்டு இருபது. கீழே வரவர, ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு இடத்தில், நாளுக்கு இரண்டு பதிவாக ஆகியிருந்தது. காலை எட்டு இருபது. மாலை ஐந்து ஐம்பது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நேற்று வரைக்கும்.

ஐந்தரைக்கு அவள் கிளம்பிவிடுவாள். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள். இருப்பாளா? யோசித்தாள். படி இறங்குவது ஞாபகம் இருந்தது, பேருந்தின் டீசல் வாடை ஞாபகம் இருந்தது, அடுத்தது வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறப்பது. நடுவில் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வரவேற்பு மேசைப் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சாயங்காலம் நான் போனப்புறம் யாரு உள்ள வர்றது?”

“நீங்க எங்க போறீங்க? ‘நீ கிளம்பு, நான் பூட்டிக்கிறேன்’னு தினம் என்னைத் துரத்துறதே நீங்கதானே.” அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “என்னக்கா, உங்களுக்கும் ஒரு தொப்பி மாட்டிப் பாக்கணும்போல.”

செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. தொப்பிக்காரி மறுபடி திரைக்கு வந்தாள். புதிய புரோகிராமில் காலைப் பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்தாள். ஒரு கோடு, ஏழு மாதமாகக் கீழே சரிந்துகொண்டே வந்தது. டிங்குக்கு எழும் மேடு வாரம் வாரம் சூம்பிப் போயிருந்தது. மாலைப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் ஒன்றுமே இல்லை, மேடு என்று சொல்ல ஏதுமில்லாத வெறும் இரைச்சல். பிறகு மெல்ல ஏறியது. காலைக் கோடு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மாலைக் கோடு ஏறியது. மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு கோடும் ஒரு புள்ளியில் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தன. நேற்று மாலையின் மேடு இருபது வயதுக்காரியின் மேடு மாதிரி இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அவள் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

நாற்காலியில் யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக உள்ளறைக் கூரையின் மூலையில் ஒரு கேமரா உண்டு. அலையோடு சேர்ந்து படமும் பதிவாகும். ஏழு மாதத்துக்கு முந்தைய முதல் மாலையை ஓட்டினாள். கறுப்புத் திரை விலகியது. அவளுடைய நீலப் பூப்போட்ட சட்டை, அவளுடைய நரை, அவளுடைய இடுப்பு. ஆனால் நடை அவளுடையது இல்லை. தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாதவள் போல ஒவ்வொரு காலையும் தடவித் தடவி வைத்தாள். நாற்காலியைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆயிற்று. தொப்பியை முன்பின்னாக மாட்டினாள். டொக் சத்தம் ஆரம்பித்தது. அவள் தன் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“இது கை,” என்றாள்.

வெகு நேரம் கழித்து, “இது இன்னொரு கை.”

தொப்பிக்காரி ஒரு மாதம் தாண்டி இன்னொன்றை ஓட்டினாள். இப்போது நடை கொஞ்சம் திருந்தியிருந்தது. மடியில் ஒரு காகிதம், கையில் பென்சில். டிங் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொன்னாள், சொல்லிவிட்டுக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள். “மாற்றுச் சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு.” கோடு. “வீட்டுக்காரருக்கு வலது முழங்கால்ல வலி.” கோடு. “அண்ணன் கடிச்ச தழும்பு இந்தக் கையில.” கோடு. நூறு தடவை பேசிப் பழகினாற்போல இருந்தது குரல், தொப்பிக்காரியின் சொந்தக் குரல்.

மீட்டர் பெட்டி என்று அவள் சொல்லிக் கேட்டபோதுதான் தொப்பிக்காரிக்கு உறைத்தது. மாற்றுச் சாவி எங்கே என்று போன மாதம் வீடு முழுக்கத் தலைகீழாகப் புரட்டியிருந்தாள். இன்னும் அது மீட்டர் பெட்டியில் இருப்பதாக அவளுக்கு நினைவு வரவில்லை. இந்தப் பொம்பளை சொல்வதால் தெரிகிறது, அவ்வளவுதான். அவசரமாக இன்னொன்றைத் திறந்தாள். போன வாரத்தது. “மகள் பொறந்த அன்னிக்கு நல்ல மழை. ஆஸ்பத்திரி சன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. அட்டையை வெச்சு அடைச்சிருந்தாங்க. அட்டை நனைஞ்சு நனைஞ்சு ஊதிப் போச்சு.” கோடு.

தொப்பிக்காரி கண்ணை மூடிக்கொண்டு மகள் பிறந்த நாளைத் தேடினாள். மழை இல்லை. சன்னல் இல்லை. ஆஸ்பத்திரியே இல்லை. பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு துழாவுகிற மாதிரி துழாவினாள், வழுவழுவென்று ஒரு குழி. அங்கே அவள் சொல்வது எல்லாம் இங்கிருந்து போய்விடுகிறது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. திருட்டு முண்டை, என் வீட்டில் புகுந்து என் பானையையே வழித்துத் தின்கிறாளே என்று பல்லைக் கடித்தாள்.

நேற்று மாலையதைக் கடைசியாக ஓட்டினாள். இப்போது அவள் நடந்து வந்த ஒயில், திரையை விலக்கிய பாங்கு, தொப்பியை ஒரே இழுப்பில் மாட்டிய கை, எல்லாம் தேர்ந்த தொழில்காரியினுடையது. காகிதம் நிறையக் கோடுகள். அவள் அதை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்துச் சரிபார்த்தாள்.

“மகள் பொறந்தது ஆச்சு. பள்ளிக்கூடம் ஆச்சு. காய்ச்சல்ல கிடந்தது ஆச்சு,” என்றாள். “மகளோட முகம் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு.”

மணி ஐந்து பத்து. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஒரு பனியன் கம்பெனியில் இயந்திரம் ஓட்டுகிறவர். பின்னால் மெஷின் சத்தம் கடகடவென்று கேட்டது.

“நான் தினமும் எத்தனை மணிக்குங்க வீட்டுக்கு வர்றேன்?”

“என்ன கேள்வி இது? ஏழரைக்கு. பொண்ணும் நீயும் சேர்ந்துதானே வர்றீங்க.”

“நான் ஆறு மணிக்கு வர்றதில்லையா?”

“ஆறு மணிக்கு நீ வந்து மாசக்கணக்காச்சு.” அவர் சலித்துக்கொண்டார். “இங்க பாரு, இந்த ஆறேழு மாசமாத்தான் வீடு வீடா இருக்கு. சிரிக்கிற, பேசுற, அவகூட உக்காந்து கதை அடிக்கிற. காலையில மட்டும் இப்படிப் பேய் அறைஞ்சவ மாதிரி கிடந்து புலம்புற. சாயங்காலம் ஆனா சரியாயிடுவ. போனை வை.”

“அது நான் இல்லைங்க.”

“அப்ப அதுவே வரட்டும்,” என்று வைத்துவிட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது வருடம் சமைத்துப் போட்டவளைவிட ஏழு மாதக் களவாணி அவருக்கு இனித்துவிட்டாள். போகட்டும். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மகளிடம் போக வேண்டும். கடைக்குப் போய், எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி எடுப்பாள்?

கம்ப்யூட்டரை அணைத்தாள். உள்ளறையைப் பூட்டினாள். தொப்பியைக் கத்தரிக்கோலால் நான்கு துண்டாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். முப்பத்திரண்டு பொட்டும் தகரத்தில் பட்டுச் சலசலத்தன. வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். போட்டதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். ஐந்து இருபத்தெட்டு.

படி. ஒவ்வொன்றாக எண்ணினாள், இருபத்திரண்டு. தெரு வந்தது. மாலை வெயில் எதிர்க்கட்டிடச் சுவரில் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு ஆள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான், புஸ் புஸ் என்று. நல்லது. இது தெரு. இது நான். இடது பக்கம் மருந்துக்கடை. அடுத்து துணி தேய்க்கிறவரின் கடை, ஈரத்துணியில் சூடு படுகிற வாசனை. போனில் மகளின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். மச்சம் இருக்கிறது. பல் இருக்கிறது. நாலு அடிக்கு ஒரு தரம் பார்த்தாள்.

முதல் தெரு முடிந்தது. மச்சம். பல்.

இரண்டாவது தெரு. யாரோ இடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். காதில் விழவில்லை. மச்சம். பல்.

மூக்குக்கண்ணாடிக் கடை தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம். உள்ளே அவள் இருக்கிறாள். முதுகு தெரிகிறது. பின்னல் தெரிகிறது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி நெஞ்சு நிறைந்தது. வந்துவிட்டேன். பிழைத்துவிட்டேன்.

கதவைத் தள்ளினாள்.

கனமாக இருந்தது.

இன்னும் தள்ளினாள். கதவு மடங்கியது. கண்ணாடி மடங்குமா? மெத்தென்று இருந்தது. துணி.

திரை.

உள்ளே இருட்டு. ஸ்பிரிட் வாடை. ஜெல் வாடை. எங்கோ திருகாணி கழன்ற இரைச்சல்.

திரும்ப வேண்டும். காலைத் திருப்பினாள். கால் தரையைத் தடவியது. தரை எங்கே? ஆழத்தில். கை நீட்டினாள். கைப்பிடி. சாய்வு. தோல் உறை சில்லென்று முதுகில் பட்டது.

தலையில் இறுக்கம். முப்பத்திரண்டு இடத்தில் குளிர்ச்சி.

வெட்டிப் போட்டேனே.

வெட்டினேன். நானே வெட்டினேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அவளுடைய குரல், அவள் எல்லோரிடமும் பேசுகிற அதே இதமான குரல், உள்ளே வந்தது.

“கண்ணை மூடிக்கிங்க. தாடையைத் தளர்த்திக்கிங்க.”

தாடை தளர்ந்தது. அவள் தளர்த்தவில்லை.

டொக். டொக். டொக்.

கண்ணை மூட மாட்டேன். மூடினால் போச்சு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் ஒரு முகம் குனிந்திருந்தது. நரை. நீலப் பூப்போட்ட சட்டை. பென்சில்.

டிங்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கதவு திறந்து மூடிற்று. மைக்கை அணைக்கவில்லை, எல்லாம் கேட்டது.

“அம்மா, இன்னும் முடியலையா? பசிக்குதும்மா.”

மகள். என் மகள். அவள் எழப் பார்த்தாள். உடம்பு யாருடையதோ போலக் கிடந்தது.

“கடைசி ஆளுடி. முடிஞ்ச மாதிரிதான்.”

“இவங்ககூட யாரும் வரலையா?”

“யாரும் இல்லைபோல. தனியாத்தான் வந்தாங்க.”

“பாவம். நெத்தியெல்லாம் ஜெல் வழியுது பாரு. நான் போய்த் துடைச்சு விடட்டுமா?”

“போய் விடு. பயந்துபோய் இருப்பாங்க. மெதுவா.”

திரை விலகியது. துண்டோடு அவள் வந்தாள். குனிந்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. இடது காதுக்குக் கீழே மச்சம். சிரித்தாள், கோணல் பல். அம்மாடி, நான்தாண்டி, பாருடி, இங்கே பாருடி. நாக்கு அசையவில்லை. கண்ணை அகல விரித்து முகத்தைப் பிடித்தாள், நெற்றியைப் பிடித்தாள், புருவத்தைப் பிடித்தாள், விடாமல், இமைக்காமல்.

டிங்.

காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. எல்லோருக்கும் எங்கேயாவது ஒரு மச்சம் இருக்கும்.

“ஒண்ணும் இல்லைங்க, பயப்படாதீங்க,” என்றது அந்தப் பெண். துண்டால் நெற்றியை, கன்னத்தை, கண்ணோரத்தில் வழிந்திருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தது. யார் பெற்ற பெண்ணோ, கை எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நீலப் பூப்போட்ட சட்டைக்காரி காகிதத்தில் கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் திரும்பி வருவதற்காக விளக்கின் சுவிட்சில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.